ஒளிமாறுபாடும் கண்ணின் கணக்கும்: வேகம், தூரம், ஆழம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் கண் பரிசோதனை செய்வதை அன்றாடத் தொழிலாகக் கொண்டவன் நான். எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை தடுமாறாமல் படித்துவிட்டு, "அதெல்லாம் சரி சார், சாயங்காலமானால் ரோட்டைக் கடக்கத்தான் பயமாக இருக்கிறது, வண்டி தெரிகிறது, எவ்வளவு வேகத்தில் வருகிறது என்றுதான் பிடிபடவில்லை" என்று சொல்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லிச் சேர்ந்தவை இந்தக் கேள்விகள். ஒரு பொருள் கண்ணுக்குத் தெரிகிறதா என்பது ஒரு கேள்வி. தெரிந்த பொருளின் வேகத்தையும் தூரத்தையும் கண்ணும் மூளையும் சரியாக அளக்கின்றனவா என்பது வேறு கேள்வி. கீழே உள்ளவை பெரும்பாலும் இரண்டாவது கேள்வியைப் பற்றியவை.

ஒளிமாறுபாடு என்பதும் வெளிச்சம் என்பதும் ஒன்றுதானா?

அல்ல. ஒரு பரப்பிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளியின் அளவை வெளிச்சம் என்கிறோம். அந்தப் பரப்புக்கும் அதை ஒட்டியிருக்கும் பரப்புக்கும் இடையே அந்த அளவில் உள்ள வேறுபாடுதான் ஒளிமாறுபாடு. தொலைக்காட்சியில் 'கான்ட்ராஸ்ட்' என்று நாம் கூட்டிக் குறைப்பது இதைத்தான்.

வாசலில் போடும் கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி மாவு தன்மேல் விழும் ஒளியில் 80 விழுக்காட்டையும், காய்ந்த சிமென்ட் தரை 30 விழுக்காட்டையும் திருப்பி அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து, வருவதை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும்: 50/110, ஏறக்குறைய 0.45. இயற்பியலாளர் மைக்கெல்சன் பெயரால் வழங்கும் அளவுமுறை இது. தண்ணீர் தெளித்தால் தரை கறுத்து, 15 விழுக்காட்டை மட்டும் திருப்பி அனுப்பும் என்று கொண்டால் 65/95, அதாவது 0.68. மாவு அதே மாவு, விடியற்கால வெளிச்சமும் அதே வெளிச்சம்; மாறியது தரை மட்டுமே. வாசல் தெளிப்பதற்குத் தூசி அடங்குவது முதலான வேறு காரணங்கள் இருக்கலாம். ஆனால் ஈரத் தரையில் கோலம் எழுந்து நிற்பதுபோல் தெரிவதற்கு இந்தக் கணக்குதான் காரணம். நடுப்பகலில் வெளிச்சம் பல மடங்கு கூடினாலும், மாவும் தரையும் ஒன்றாகவே பளிச்சிடுவதால் இந்த எண் மாறாது. கண் முதன்மையாக நம்பியிருப்பது இந்த எண்ணைத்தான்.

மங்கலாகத் தெரிந்தால் வேகம் சரியாகப் பிடிபடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே? இதில் ஆராய என்ன இருக்கிறது?

கணிப்பு தாறுமாறாகப் போவது வேறு. ஒரே பக்கமாகச் சாய்வது வேறு. தராசு ஆடினால் சில நேரம் கூடுதலாகவும் சில நேரம் குறைவாகவும் காட்டும். தட்டின் அடியில் புளி ஒட்டியிருந்தால் எப்போதும் ஒரே பக்கம்தான் சாயும். ஒளிமாறுபாடு குறையும்போது வேகக் கணிப்பில் நேர்வது இரண்டாவது வகைப் பிழை.

1982-இல் பீட்டர் தாம்சன் என்ற ஆய்வாளர் இதை முறையாக அளந்து காட்டினார். நகரும் கோட்டுப் பட்டைகள் இரண்டை ஒரே வேகத்தில் ஓடவிட்டு, ஒன்றின் கோடுகளைப் பளிச்சென்றும் மற்றதை மங்கலாகவும் வைத்தால், மங்கலானது மெதுவாகப் போவதாகவே பார்ப்பவர்கள் சொன்னார்கள். கோடுகள் நன்றாகவே தெரிந்தன என்பதைக் கவனிக்க வேண்டும்; எண்ணச் சொன்னால் எண்ணியிருப்பார்கள். ஆனால் இந்த விளைவு எல்லா வேகத்திலும் ஒரேபோல் இருப்பதில்லை. ஓர் இடத்தைக் கடக்கும் கோடுகள் நொடிக்கு எட்டு என்ற அளவைத் தாண்டும்போது அது தேய்ந்து, பின்னர் தலைகீழாகி, மங்கலானதே வேகமாகத் தோன்றவும் செய்கிறது.

ஆய்வுக்கூடத்துக் கோடுகளில் கண்டதை அண்ணா சாலையில் எதிரே வரும் காருக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. எதிரே வரும் வண்டி பக்கவாட்டில் நகர்வதில்லை; நம் கண்ணில் பெரிதாகிக்கொண்டு வருகிறது. இருந்தாலும், தூறலில் நனைந்த தார்ச்சாலையில் வரும் சாம்பல் நிற வண்டியைப் பார்த்து "இன்னும் நேரம் இருக்கிறது" என்று காலை எடுத்து வைப்பதற்கு முன், கண்ணின் இந்தச் சாய்வை நினைத்துக்கொள்வது நல்லது.

இதை வீட்டிலேயே பார்க்க முடியுமா?

முடியும், கணினியில் படவிளக்கம் தயாரிக்கும் எந்த மென்பொருளும் போதும். திரை முழுவதும் கறுப்பும் வெள்ளையுமாக, ஒரே அகலத்தில், செங்குத்துப் பட்டைகளை வரையுங்கள். அவற்றின்மேல் இரண்டு கட்டங்களை, ஒன்றை அடர்நீலத்திலும் மற்றதை வெளிர்மஞ்சளிலும், ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்து, இரண்டையும் ஒரே சீரான வேகத்தில் இடமிருந்து வலமாக நகர்த்துங்கள். ஒவ்வொரு கட்டத்தின் நீளமும் சரியாக நான்கு பட்டை அகலம் இருக்க வேண்டும். அப்போதுதான் கட்டத்தின் முன்விளிம்பும் பின்விளிம்பும் ஒரே நேரத்தில் ஒரே நிறப் பட்டையைத் தொடும்.

நேராகக் கட்டத்தையே முறைக்காமல் சற்று விலகிய ஒரு புள்ளியைப் பார்த்தால், இரண்டும் இடது கால், வலது கால் என்று மாறி மாறி எடுத்துவைப்பதைப் போல நடக்கும். அடர்நீலம் கறுப்புப் பட்டையின்மேல் இருக்கும்போது விளிம்பில் ஒளிமாறுபாடு மிகக் குறைவு, ஆகவே அது நின்றுவிடுகிறது. வெள்ளைக்கு வந்ததும் பாய்கிறது. மஞ்சளுக்கு இது நேர்மாறு. பட்டைகளை அழித்துவிட்டுப் பாருங்கள், இரண்டும் சோடியாகச் சீராக ஓடும். ஸ்டூவர்ட் ஆன்ஸ்டிஸ் என்ற உளவியலாளர் உருவாக்கிய இந்த மாயக்காட்சிக்கு 'காலடிகள்' என்று பெயர். கட்டத்தின் நீளத்தை நான்குக்குப் பதில் மூன்று பட்டை ஆக்கினால், முன்விளிம்பு ஓடும்போது பின்விளிம்பு நிற்கும். கட்டம் புழு ஊர்வதுபோல் நீண்டு சுருங்கும். என் மருமகளுக்கு இதைக் காட்டியபோது, நான் மென்பொருளில் ஏதோ ஏமாற்று வேலை செய்துவிட்டேன் என்று சொல்லி, வேகத்தை அவளே ஒருமுறை சரிபார்த்தாள்.

மூளை ஏன் இப்படிப் பிழை செய்கிறது?

இரண்டு நிலைகளில் பதில் சொல்லலாம். நரம்புகளின் நிலையில் பார்த்தால், அசைவை அறியும் நரம்பணுக்கள் வேகத்துக்கு மட்டும் பதில் கொடுப்பவை அல்ல, ஒளிமாறுபாட்டுக்கும் கொடுக்கின்றன. மங்கலான விளிம்பு கடக்கும்போது அவற்றின் துடிப்பு குறைகிறது, சற்றுத் தாமதமாகவும் வருகிறது. பின்னால் இருந்து இந்தத் துடிப்புகளைப் படிக்கும் மூளைப் பகுதிக்கு, துடிப்பு குறைந்தது வேகம் குறைந்ததாலா, விளிம்பு மங்கியதாலா என்று முழுமையாகப் பிரித்தறிய வழியில்லை.

மற்றொரு பதில் கணக்கின் நிலையில் இருந்து வருகிறது. உலகில் பெரும்பாலான பொருள்கள் அசையாமலோ மெதுவாகவோ இருக்கின்றன என்பது மூளையின் முன்னனுமானம். கண்ணிலிருந்து வரும் சான்று வலுவாக இருந்தால் சான்றை நம்பும், வலுவில்லாதபோது முன்னனுமானத்தின் பக்கம் சாயும் என்று வெய்ஸ், சிமோன்செல்லி, ஏடல்சன் ஆகிய மூவர் 2002-இல் காட்டினார்கள். சாட்சி தயங்கித் தயங்கிப் பேசினால், கேட்பவர் தமக்கு முன்பே தெரிந்ததை வைத்து முடிவெடுப்பதைப் போன்றது இது. அழகான விளக்கம்தான், ஆனால் மிகுந்த வேகத்தில் மங்கலானது வேகமாகத் தோன்றுவதை அது தன்னளவில் விளக்குவதில்லை. அந்த ஓட்டை இருக்கும்வரை, நரம்பு விளக்கத்தையும் கைவிடாமல் இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்வதுதான் சரி என்பது என் கருத்து.

அப்படியானால் மூடுபனியில் ஓட்டுபவர்கள் தங்களை அறியாமலே வேகமாக ஓட்டுவார்களா?

இந்தக் கேள்விக்கு ஒரு காலத்தில் ஆம் என்று பதில் சொன்னார்கள். பிறகு அல்ல என்றார்கள். இரண்டும் அததன் அளவில் சரி. சற்று விரிவாகச் சொல்ல வேண்டிய இடம் இது.

1998-இல் பிரிட்டனின் கார்டிஃப் நகர ஆய்வாளர்கள், திரையில் சாலையைக் காட்டும் ஓட்டுநர் பயிற்சிப் பொறியில் ஆட்களை உட்காரவைத்து, குறிப்பிட்ட வேகத்தில் ஓட்டச் சொன்னார்கள். காட்சி மங்க மங்க, அவர்கள் சொன்னதைவிட வேகமாக ஓட்டினார்கள். தாம்சன் கண்டதற்கு இது பொருத்தமாகவே இருந்தது: காட்சி மெதுவாக ஓடுவதாகத் தோன்றினால், சொன்ன வேகத்தை எட்டுவதற்காகக் கால் ஆக்ஸிலரேட்டரை இன்னும் அழுத்தும்.

2012-இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தார் ஒரு கேள்வியை எழுப்பினார்கள். உண்மையான பனி அருகில் உள்ளதையும் தொலைவில் உள்ளதையும் ஒரே அளவிலா மறைக்கிறது? இல்லை. பனி காற்றில் கலந்திருப்பதால், தூரம் கூடக்கூட இடையில் நிற்கும் பனியின் கனமும் கூடுகிறது. கோஷ்மீடர் என்ற ஜெர்மானியர் 1924-இல் தந்த விதியின்படி, ஒளிமாறுபாடு தூரத்தோடு அடுக்குக்குறி முறையில் சரிகிறது. 200 மீட்டரில் அது முதலில் இருந்ததில் வெறும் 2 விழுக்காடாகத் தேயும் அளவுக்குப் பனி இருந்தால், 50 மீட்டரில் 38 விழுக்காடு மிஞ்சும். 100 மீட்டரில் 14. 150 மீட்டரில் 5. பக்கத்தில் உள்ள சாலைக்கோடு ஏறக்குறைய அப்படியே இருக்கிறது, தூரத்துக் கட்டடம் கரைந்துபோகிறது. ஓடும் வண்டியிலிருந்து பார்க்கும்போது அருகில் உள்ளவைதான் கண்ணில் வேகமாகப் பின்னோடும். தூரத்தில் உள்ளவை மெல்ல நகரும். பனி மெல்ல நகர்பவற்றை அழித்துவிட்டு வேகமாக ஓடுபவற்றை மட்டும் விட்டுவைக்கிறது. ஆகவே இத்தகைய பனியைத் திரையில் காட்டியபோது, ஓட்டியவர்கள் தங்கள் வேகத்தைக் கூடுதலாகவே உணர்ந்து மெதுவாக ஓட்டினார்கள். காட்சி முழுவதையும் ஒரே சீராக மங்கலாக்கியபோது மட்டும் பழைய முடிவு திரும்பியது.

சென்னையில் மூடுபனி அரிது. போகிப் பண்டிகை விடியலில் பழையன எரித்த புகையும் மார்கழிப் பனியும் கலந்து சாலையை மூடும் சில மணி நேரத்தைத்தான் இதற்கு ஈடாகச் சொல்ல முடியும். அப்போது தூரத்துக்கேற்ப மறைவதால், பெரும்பாலோர் தாமாகவே வேகத்தைக் குறைத்துவிடுகிறார்கள். எனக்குக் கவலை தருவது நாம் அன்றாடம் பழகிவிட்ட வேறொன்று. உள்ளே ஏசி, வெளியே கடற்கரை ஈரப்பதம். காரின் முன்கண்ணாடி வெளிப்புறத்தில் வியர்த்துப்போகிறது. அல்லது கீறல் விழுந்து எண்ணெய்ப்பிசுக்கு ஏறிய ஹெல்மெட் கண்ணாடி. இவை அருகையும் தூரத்தையும் ஒரே சீராகத்தான் மங்கலாக்குகின்றன. ஆய்வில் ஆட்களை வேகமாக ஓட்டவைத்த மங்கல் எதுவோ அதற்கு நெருக்கமானது இதுதான். வைப்பரை ஒருமுறை ஓட்டுவதும் ஹெல்மெட் கண்ணாடியைத் துடைப்பதும் சில விநாடி வேலை.

இரவில் என்ன நடக்கிறது?

மங்கிய ஒளியில் விழித்திரையின் கூம்புச் செல்கள் பின்வாங்கி, குச்சிச் செல்கள் பொறுப்பேற்கின்றன. குச்சிச் செல்கள் மந்தமானவை. அவற்றால் பார்க்கும்போது அசைவு மெதுவாகத் தோன்றுகிறது என்று 1999-இல் அளந்திருக்கிறார்கள். தெருவிளக்கு உள்ள நகரத்துச் சாலைகளில் முழுமையாக இந்த நிலைக்கு நாம் போவதில்லை. நகரத்தில் பெரிய தொல்லை எதிரே வரும் எல்இடி விளக்கு. அந்த ஒளி விழிக்குள் சிதறி, காட்சி முழுவதன்மேலும் ஒரு வெள்ளைத் திரையைப் போர்த்துகிறது. முதல் கேள்வியில் போட்ட கணக்கில், 80, 30 என்ற இரண்டு எண்களோடும் ஒரே தொகையைக் கூட்டிப் பாருங்கள்: கழித்தால் வருவது மாறாது, கூட்டுத்தொகை மட்டும் வீங்கும், விடை சுருங்கும். கண்புரை தொடங்கியவர்களுக்கு இந்தச் சிதறல் பல மடங்கு.

மழை விட்ட மறுநாள் பரங்கிமலை கிட்டே வந்துவிட்டதுபோல் தெரிகிறதே, அதுவும் இதே கதைதானா?

அதே ஒளிமாறுபாடுதான், ஆனால் இங்கே அது தூரத்தின் அடையாளமாகச் செயல்படுகிறது. காற்றில் உள்ள தூசியும் ஈரமும் தொலைவில் உள்ளவற்றை வெளுக்கச் செய்வதை வாழ்நாள் முழுவதும் பார்த்துப் பழகிய மூளை, வெளுத்தது தூரம், அடர்ந்தது அருகில் என்று கணக்கு வைத்திருக்கிறது. ஓவியர்கள் இதை நெடுங்காலமாக அறிவார்கள். லியனார்டோ டா வின்சி தம் குறிப்புகளில் எழுதியே வைத்திருக்கிறார். வேறு எந்தத் துப்பும் இல்லாமல், ஒரே அளவுள்ள இரண்டு உருவங்களைத் திரையில் காட்டினாலும் பின்னணியோடு ஒளிமாறுபாடு குறைந்தது தள்ளித் தெரிகிறது என்பதை 1994-இல் சோதித்துக் காட்டினார்கள். மழை காற்றைக் கழுவிவிட்டால் மலை தன் கறுப்பைத் திரும்பப் பெறுகிறது, மூளை அதை இழுத்து முன்னால் வைக்கிறது. மெரினாவில் நின்று துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்ட கப்பல்களைக் காலையிலும் மாலையிலும் பார்த்தால், அதே கப்பல் இடம் மாறியதுபோல் தோன்றுவதும் இதனால்தான்.

ஆழத்தை அறிய இரண்டு கண்கள் இருக்கும்போது இந்தத் துப்புகள் எதற்கு?

தூரத்துக்கு இரண்டு கண்கள் அதிகம் உதவுவதில்லை. மலைக்கு முன்னால் ஆறு சென்டிமீட்டர் இடைவெளி எம்மாத்திரம்? கைக்கெட்டும் தூரத்தில்தான் இருகண் பார்வை ஆட்சி செய்கிறது. ஊசியில் நூல் கோப்பதும், டபராவிலிருந்து டம்ளருக்குக் காப்பி ஆற்றுவதும் அதன் தயவு. ஆனால் அதற்கும் ஒளிமாறுபாடு வேண்டும். இரு கண்களிலும் காட்சி மங்கினால், நுட்பமான ஆழ வேறுபாடுகள் முதலில் தொலைகின்றன.

இதைவிட வியப்பானது, ஒரு கண்ணில் மட்டும் மங்கலாக இருப்பது இரண்டிலும் மங்கலாக இருப்பதைவிட மோசம் என்பது. ஒரு கண் பளிச்சென்று பார்ப்பது உதவியாக இருக்கும் என்றுதான் நாம் நினைப்போம். ஆழத்தைக் கணக்கிடும் பகுதிக்கோ இரண்டு படங்களும் ஒத்துப்போக வேண்டும். ஒரு கண்ணில் கண்புரை அறுவை முடிந்து, மறு கண்ணுக்கு ஒரு மாதம் காத்திருந்த ஒரு பெரியம்மா என்னிடம் சொன்னது நினைவில் இருக்கிறது: "ஆபரேஷனுக்கு முன்னால் காப்பியை ஒழுங்காக ஊற்றிக்கொண்டிருந்தேன் தம்பி, பளிச்சென்று தெரிய ஆரம்பித்த பிறகுதான் கையில் கொட்டிக்கொள்கிறேன்." அறுவை தவறிவிட்டதோ என்று அவர் பயந்துபோயிருந்தார். இரண்டாவது கண்ணும் முடிந்த பிறகு அந்தக் குறை இல்லை.

ஒரு கண்ணில் கூலிங் கிளாஸ் வைத்துக்கொண்டு பார்த்தால் ஊசல் வட்டமிடும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை, செலவில்லாமல் வீட்டில் செய்யக்கூடிய சோதனைகளில் இதற்கு இணையாக ஒன்றை நான் பார்த்ததில்லை. ஓர் எலுமிச்சம்பழத்தை நூலில் கட்டிக் கதவு நிலையிலிருந்து தொங்கவிடுங்கள். இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்து, வேறொருவரைக் கொண்டு பழத்தை இடவலமாக, உங்களுக்குக் குறுக்கே, நேர்கோட்டில் ஆடவிடுங்கள். இரண்டு கண்களும் திறந்தே இருக்க, கூலிங் கிளாஸின் ஒரு கண்ணாடியை மட்டும் இடது கண்ணுக்கு முன்னால் பிடியுங்கள். பழம் வலப்பக்கம் போகும்போது கதவைத் தாண்டிப் பின்னால் போகும். இடப்பக்கம் திரும்பும்போது உங்கள் முகத்தை நோக்கி முன்னால் வரும். மேலிருந்து பார்ப்பதாக நினைத்தால் கடிகாரச் சுற்றில் ஒரு நீள்வட்டம். கண்ணாடியை வலது கண்ணுக்கு மாற்றினால் சுற்றும் மாறும்.

காரணம் தாமதம். இருண்ட கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் விழித்திரை மெதுவாக வேலை செய்கிறது. ஒளி பத்தில் ஒன்றாகக் குறைந்தால் செய்தி சுமார் 10 மில்லிநொடி தாமதமாக மூளைக்குப் போகிறது. பழம் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் போகிறது என்றால், அந்த நேரத்தில் அது ஒரு சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். ஆகவே ஒரு கண் பழத்தை இப்போதிருக்கும் இடத்திலும், மறு கண் ஒரு சென்டிமீட்டர் பின்தங்கிய இடத்திலும் காண்கின்றன. மூளைக்கு அது நேர வேறுபாடாகத் தெரிவதில்லை. ஆழ வேறுபாடாகவே தெரிகிறது. இரண்டு மீட்டர் தூரத்தில் வடிவியல் கணக்குப்படி, அந்த ஒரு சென்டிமீட்டர் பழத்தை முன்னால் கால் மீட்டருக்குச் சற்று அதிகமாகவும், பின்னால் அதையும்விடக் கூடுதலாகவும் தள்ளிக் காட்டப் போதுமானது.

இந்த விளைவை 1922-இல் வெளியிட்டவர் ஜெர்மனியில் செய்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய கார்ல் புல்ஃப்ரிஷ். விளக்கத்தைத் தந்தவர் அவருடைய சகா ஃபெர்டினண்ட் ஃபெர்ட்ஷ். புல்ஃப்ரிஷுக்கு ஏற்கெனவே ஒரு கண்ணில் பார்வை போயிருந்ததால், தம் பெயரால் உலகம் அழைக்கும் இந்தக் காட்சியை அவரால் ஒருநாளும் பார்க்க முடியவில்லை.

இது வேடிக்கை மட்டும்தானா, யாருக்காவது தொல்லையாக இருக்குமா?

பார்வை நரம்பு அழற்சி ஒரு கண்ணைத் தாக்கினால், கூலிங் கிளாஸ் இல்லாமலே அந்தக் கண்ணின் செய்தி தாமதமாகும். எழுத்துப் பலகையைப் படிக்கும் திறன் திரும்பிய பிறகும் தாமதம் மிஞ்சலாம். அத்தகையவர்கள் "பக்கத்தில் நேராகப் போகிற ஆட்டோ என்மேல் வளைந்து வருகிறது" என்பார்கள். வீட்டார் அதைப் பயம் என்று ஒதுக்கிவிடுவார்கள். பயம் அல்ல, புல்ஃப்ரிஷ் விளைவு. ஒரு கண்ணில் மட்டும் புரை உள்ளவர்களுக்கும் வரலாம். நல்ல கண்ணுக்கு அளவாகச் சாயமேற்றிய கண்ணாடி கொடுத்து, இரண்டையும் ஒரே தாமதத்துக்குக் கொண்டுவருவது ஒரு தீர்வு. நல்ல கண்ணை மட்டுப்படுத்துவதா என்று நோயாளிகள் முதலில் முகம் சுளிப்பார்கள்.

இன்னொரு வகையும் உண்டு. வெள்ளெழுத்துக்காக ஒரு கண்ணுக்குத் தூரப்பார்வை, மறு கண்ணுக்குக் கிட்டப்பார்வை என்று தொடுவில்லை (கான்டாக்ட் லென்ஸ்) போடுபவர்களுக்கு, எந்த நேரமும் ஒரு கண்ணில் படம் கலங்கலாகவே இருக்கும். கலங்கல் இருட்டைப் போலத் தாமதப்படுத்தும் என்று எண்ணத் தோன்றும். 2019-இல் வெளியான ஆய்வில் நேர்மாறாக வந்தது: கலங்கிய படம் சில மில்லிநொடி முன்னதாகப் போகிறது. நுண்ணிய விவரங்களை மூளை மெதுவாகத்தான் படிக்கிறது. கலங்கலில் அவை இல்லாததால் வேலை சீக்கிரம் முடிகிறது.

நிற வேறுபாடு இருந்தால் போதாதா? ஒளிமாறுபாடு ஏன் வேண்டும்?

அசைவுக்கும் ஆழத்துக்கும் நிறம் மட்டும் போதவே போதாது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரனும் ரிச்சர்ட் கிரிகரியும் 1978-இல் சிவப்பு, பச்சைப் புள்ளிகளால் ஆன படங்களை வைத்து இதைச் சோதித்தார்கள். இரு நிறங்களின் வெளிச்சத்தையும் சமமாக்கியபோது, அசைவால் மட்டுமே பிரிந்து தெரிய வேண்டிய உருவம் பிரியாமல் போனது. புள்ளிகள் தெரிந்தன, அசைவு போய்விட்டது. 1984-இல் மற்றோர் ஆய்வில், வெளிச்சம் சமமான வண்ணக் கோடுகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெதுவாகவும், சில வேளை நின்றுவிட்டதாகவும் தோன்றின. புள்ளிச் சிதறலால் ஆன இருகண் படங்களிலும் ஆழம் இவ்வாறே மறைகிறது என்று 1972-இலேயே கண்டிருந்தார்கள். அசைவை அறியும் நரம்புப் பாதை பெரும்பாலும் நிறக்குருடு. குறைந்த ஒளிமாறுபாட்டையும் பிடித்துக்கொள்ளும் கூர்மை அதற்கு உண்டு, நிறத்தைப் பற்றி மட்டும் அக்கறை இல்லை.

அரக்கு உடலும் பச்சைக் கரையும் உள்ள சில பட்டுச் சேலைகளில், இரண்டும் சேரும் விளிம்பு நிலையாக நிற்காமல் துடிப்பதுபோல் தோன்றும். கடையில் நின்றபடியே கைப்பேசியில் ஒரு படம் எடுத்து, அதைக் கறுப்பு-வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள். கரை எங்கே தொடங்குகிறது என்றே தெரியாமல் போனால், இரண்டின் வெளிச்சமும் ஏறக்குறைய சமம். சேலைக்கு அது அழகு. அறிவிப்புப் பலகைக்கும் படிக்கட்டுக்கும் அதே சேர்க்கை ஆபத்து.

கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் மாறினால்?

அசைவின் திசையே திரும்பிவிடும். ஒரு படத்தைக் காட்டி, அதைச் சற்று வலப்பக்கம் நகர்த்தி, நகர்த்தும் அதே கணத்தில் அதன் நெகட்டிவாகவும் மாற்றினால், அது இடப்பக்கம் போனதாகத் தெரியும். ஆன்ஸ்டிஸ் 1970-இல் எழுதியது. அசைவை அறியும் பொறிக்கு, நகர்வது என்ன பொருள் என்ற கவலை இல்லை, ஒளிமாறுபாடு எந்தப் பக்கம் போயிற்று என்பதுதான் கணக்கு.

கிரிக்கெட்டில் பந்தின் நிறமும் இதனால்தானா?

ஆம். சிவப்புப் பந்துக்கு வெள்ளைத் திரை, வெள்ளைப் பந்துக்குக் கறுப்புத் திரை. சேப்பாக்கத்தில் பந்து வீசுபவரின் கைக்குப் பின்னால் யாராவது எழுந்து நடந்தால் மட்டையாளர் கையை உயர்த்தி ஆட்டத்தை நிறுத்துவதும், மொட்டைமாடியில் அந்தி மயங்கிய பிறகு டென்னிஸ் பந்து திடீரென்று மூக்கில் வந்து விழுவதும் ஒரே பாடத்தின் இரண்டு பக்கங்கள்.

வேகத்தடையும் பள்ளமும் இரவில் ஏன் கடைசி நொடியில் தெரிகின்றன?

ஒளி மேலிருந்து வருகிறது என்று மூளை எடுத்துக்கொள்கிறது. மேல்பக்கம் வெளிச்சமும் கீழ்ப்பக்கம் நிழலும் இருந்தால் மேடு, மாறியிருந்தால் குழி. ராமச்சந்திரன் 1988-இல் இதை எளிய வட்டங்களைக் கொண்டு காட்டினார். பகலில் மேடுபள்ளத்தைக் காட்டிக்கொடுப்பது இந்த நிழல்தான். இரவில் நம் வண்டி விளக்கு நம் பார்வையின் திசையிலிருந்தே அடிப்பதால், நிழல் பொருளுக்குப் பின்னால் ஒளிந்துவிடுகிறது. தார் நிறத்திலேயே இருக்கும் வேகத்தடைக்கு ஒளிமாறுபாடு ஏதும் மிஞ்சுவதில்லை. அதன்மேல் கறுப்பு-வெள்ளைப் பட்டை அடிக்க வேண்டும் என்று விதி இருப்பது அதனால்தான். எங்கள் தெருவில் ஒரு மழைக்காலத்தோடு அந்த வண்ணம் போயிற்று. தடை மட்டும் இருக்கிறது.

கண் பரிசோதனையில் 6/6 என்று எழுதிக் கொடுத்தார்கள். பிறகும் ஏன் படி தவறுகிறது?

6/6 என்பது வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்தைப் படித்த கணக்கு. வாழ்க்கையில் அவ்வளவு ஒளிமாறுபாடு உள்ள பொருள்கள் குறைவு. 1988-இல் பெல்லியும் ராப்சனும் வில்கின்ஸும் வெளியிட்ட பலகையில் எல்லா எழுத்தும் ஒரே பெரிய அளவில் இருக்கும். மூன்று எழுத்துக்கு ஒருமுறை கறுப்பு மங்கிக்கொண்டே வரும், கடைசியில் வெள்ளையோடு கரைந்துவிடும். ஒரு மீட்டர் தூரத்தில் நின்று படிக்க வேண்டும். எவ்வளவு மங்கிய எழுத்து வரை படிக்க முடிந்தது என்பதற்குத்தான் மதிப்பெண். நல்ல கண்ணுள்ள இளைஞர்களுக்கு அது ஏறக்குறைய 1.8-க்கு மேல் வரும்; 1.5-க்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும். தொடக்கநிலைக் கண்புரையில் 6/6 அப்படியே இருக்க, இந்த எண் மட்டும் சரிவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். "எழுத்துத் தெரிகிறது, ஆனால் தெளிவில்லை" என்று நீங்கள் சொன்னால், இந்தப் பலகையில் பார்க்க முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள்.

படியைப் பொறுத்தவரை, கண்ணை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. எங்கள் குடியிருப்பில் மேலிருந்து கீழ்வரை ஒரே சாம்பல் கிரானைட். இறங்கும்போது ஒரு படியின் விளிம்பும் அடுத்த படியின் தளமும் ஒன்றோடொன்று ஒட்டிவிடுகின்றன. என் அம்மா கடைசிப் படியைத் தரை என்று எண்ணிக் காலை வைத்துக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார். படி விளிம்புகளில் ஐந்து சென்டிமீட்டர் அகலத்துக்கு மஞ்சள் பட்டை ஒட்டலாம் என்று கேட்டேன். கிரானைட்டின் அழகு கெடும் என்று குடியிருப்போர் சங்கத்தில் மூன்று கூட்டம் பேசினார்கள். கடைசியில் ஒவ்வொரு தளத்திலும் முதல் படிக்கும் கடைசிப் படிக்கும் மட்டும் அனுமதி கிடைத்தது. பட்டையை விளிம்பில்தான் ஒட்ட வேண்டும்; உள்ளே தள்ளி ஒட்டினால் மூளை அதையே விளிம்பாக எடுத்துக்கொண்டு காலைத் தவறான இடத்தில் வைக்கச் சொல்லும். எங்கள் வீட்டுத் தளத்தில் ஒட்டியவர் இரண்டு விரற்கடை உள்ளே ஒட்டியிருந்தார். அன்று மாலையே பிய்த்துத் திரும்ப ஒட்டினோம்.